நான்கு தட்டு நிசப்தம்

இயேசுவைப் பாடும் எங்கள் மெட்டல் இசைக்குழு எட்டு மாதம்தான் இருந்தது. அதற்கு முடிவு கட்டியவன் டிரம்ஸ் வாசித்த நான்.

தம்பி குழுவில் கத்திப் பாடுபவன். மெட்டல் இசையில் கத்துவது என்றால் தொண்டையைக் கிழித்துக்கொள்வதல்ல. குரல்நாணுக்கு மேலே இருக்கும் சதை மடிப்பை அதிர வைக்க வேண்டும். அதற்காக வாயால் வெடுக்கென்று மூச்சு இழுப்பான். சாதாரணமாகப் பேசுவதற்கு முன்னால் மட்டும் மூக்கால், நிதானமாக.

கத்தலில் உயிரெழுத்தெல்லாம் ஒரே உறுமலாகிவிடும், தப்பிப்பது மெய்யெழுத்துதான். இயர்போனில் அதைப் பிடித்துத்தான் நான் தாளம் மாற்றுவேன். அதனால் எனக்கு மட்டும் தெரிந்தது: மூன்று நிகழ்ச்சிகளாக, ‘இயேசு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘சு’ இல்லை. வெறும் உறுமல்.

தம்பியிடம் கேட்டேன். “நம்பிக்கை இல்லாம எப்படிண்ணா சொல்றது?” என்றான். “அப்பாகிட்ட சொல்லிடாத.”

அப்பா போதகர். ஆலயக் கூடத்தை எங்களுக்கு வாசிக்கத் தந்தவர். “மிக்ஸியில கல்லு மாட்டின மாதிரி இருக்குடா. ஆண்டவர் பேராவது புரியட்டும். இல்லாட்டி கூடத்துச் சாவியக் கொடுத்துடுங்க” என்றார்.

அதற்காகவே கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியமும் நிற்கும்படி நான்கு தட்டு இடைவெளி வைத்தோம். தம்பி அந்தப் பெயரைச் சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும்.

மேடையேறும்முன் கைகோத்து ஆளுக்கு ஒரு வரி ஜெபிப்பது எங்கள் வழக்கம். தம்பியின் முறை வந்தது. “பாஸ்” என்றான், சீட்டாட்டம்போல. கிட்டார்காரன் சிரித்துவிட்டான். என் கைக்குள் தம்பியின் கை நனைந்திருந்தது.

கடைசிப் பாட்டு. முன்வரிசையில் அப்பா, மடியில் கைகளை வைத்தபடி. கிட்டார் நின்றது. பேஸ் கிட்டாரும் நின்றது. ஒன்று. தம்பி வாய் திறக்கவில்லை. இரண்டு. அவன் தோள் மெல்ல உயர்ந்தது. அப்பா முன்னால் சாய்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது தட்டில் இருகையாலும் டிரம்ஸை உருட்டி அடிக்கத் தொடங்கிவிட்டேன். மற்றவர்கள் பதறிப்போய் வாசிப்பில் என் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

முடிந்ததும் அப்பாவிடம் போய், “கணக்கு விட்டுட்டேன்பா, என் தப்பு” என்றேன்.

“சரி, அடுத்த வாரம் பாப்போம்” என்றார்.

தம்பி மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “ஏண்ணா அடிச்ச?”

“உன்னைக் காப்பாத்தலாம்னு.”

“சொல்லத்தான் போனேன். நான் சொல்லமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட, இல்ல?”

சாவியை அவனே அப்பாவின் கையில் வைத்தான். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை.

அன்றைய நிகழ்ச்சியில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அவனுடையதை மட்டும் கேட்டேன். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு மூச்சு. மூக்கால், நிதானமாக. அதற்கு மேல் என் டிரம்ஸ்.