கட்டிங் மாஸ்டருக்கு விழுந்த கடி

பாம்பென்றால் படையே நடுங்குமாம், தையற்கூடம் எம்மாத்திரம்? பாம்பு பிடிப்பவள் வந்தபோது அங்கே வேலை செய்த ஒன்பது பேரும் துணி வெட்டும் மேசைமேல் ஏறிக் குலைநடுங்கி நின்றார்கள். கீழே ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது.

“யாரையாவது கடிச்சுதா?”

கட்டிங் மாஸ்டர் அழாக்குறையாகக் கையை நீட்டினார். இரண்டு அரைவட்டமாகப் பல் பதிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சாரைக்கு விஷமே இல்ல அண்ணே. ஆனா இது மனுசப் பல்லாச்சே!”

எல்லாரும் திரும்பினார்கள். பட்டன் தைக்கும் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயத்துல எதைக் கவ்வினேன்னே தெரியல...”

“மனுசக் கடிக்கு உடனே ஊசி போடணும், கிளம்புங்க!”

அதற்குள் சாரை, பாம்பு பிடிப்பவள் திறந்து வைத்திருந்த பைக்குள் தானாகவே புகுந்துகொண்டது. அதற்கும் தன் உயிர் வெல்லக்கட்டிதானே!