ஹனூர் பஸ்ஸில் போன கனகாம்பரம்

மைசூரில் வீட்டுச் சுவருக்குக் கனகாம்பர நிறம் அடிக்கச் சொன்னவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்குவரை ஒருவரும் இல்லை. முனிராஜின் சங்கடமே அதுதான். அவன் சுவர்களுக்கு டிஸ்டெம்பர் வர்ணம் அடிக்கிறவன். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சியதுதான் அவனிடமிருந்த வர்ணம்: சந்தனம், சாம்பல், வெளிறிய ரோஜா, பிஸ்தா.

மனைவி மாதேவி கோபித்துக்கொண்டு ஹனூருக்குத் தாய்வீடு போய் ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு முழம் கனகாம்பரம் கேட்டவளிடம், “வெச்சுக்கிட்டு எந்த அரண்மனைக்குப் போகப்போற?” என்று கேட்டுவிட்டான்.

முதலில் நிஜப் பூவைத்தான் ஹனூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். அந்த பஸ்ஸின் வேகம் ஊரறிந்தது. கொள்ளேகாலில் பூ வாடியது, அதற்கப்பால் காய் பிடித்தது, ஹனூரில் விதையாகக் கொட்டியது. மாமியார் அதைப் புழக்கடையில் தூவிவிட்டதாகக் கேள்வி.

வரைந்த பூ வாடாதே! அட்டை ஒன்றில், சொம்பில் செருகிய கனகாம்பரக் கொத்தை வரைந்தான். ரோஜாவில் சந்தனத்தைக் குழைத்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டான். பூவின் வெயில் வரவில்லை. மப்பு போட்ட நாளில் பார்த்த மாதிரி வந்தது. அவள் இல்லாத வீடும் அந்த நிறத்தில்தான் இருந்தது. திருத்தாமல் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் பஸ் நிலையத்தில் கண்டக்டர் தொட்டையன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

“பூவெல்லாம் போச்சுங்ணா!”

“கிழிச்சுட்டாளா?”

“அட இல்லீங். ‘இப்படி வாட விட்டிருக்காரே மனுசன்’னு, அக்கா குடத்துல கையை விட்டுத் தண்ணி தெளிச்சுப்போடுச்சுங். பழக்கதோசம்!”

வாடிய பூவைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. அந்தக் காலத்து டிஸ்டெம்பரோ, ஈரம் பட்டால் நிற்காது.

“அக்கா பதறிப்போய் வழிச்சுப் பாத்துச்சுங். பூவு மொத்தமும் கைக்கு வந்துருச்சு. சொம்புதான் மிச்சம்.”

“என்னை வரச் சொன்னாளா?”

“அதெல்லாம் சொல்லலீங்.”

“வர்றேன்னாளா?”

“அதுவும் இல்லீங்.”

முனிராஜ் தலையைச் சொறிந்தான். “கையைத் துடைச்சாளா?”

“துடைக்கலீங். வண்டி திருப்பறப்ப பாத்தனுங். உள்ளங்கையை விரிச்சுப் பாத்துக்கிட்டே வாசல்ல நின்னுச்சு.”

“எந்தக் கை?”

“வலதுன்னு நெனைக்கறனுங்.”

“நெனைக்காதய்யா, பாத்ததைச் சொல்லு!”

டிரைவர் ஹாரன் அடித்தார். முனிராஜ் படிக்கட்டை மறித்துக்கொண்டு நகராமல் நின்றான்.