கேட்டில் பிடுங்கிய பை

அண்ணனின் வேதபுத்தகத்தில் ரிப்பன் கிடந்த பக்கத்தைத் தனசிங் விரித்தான். செத்தவர் வேதபுத்தகத்தில் வாசித்து நிறுத்திய இடத்திலிருந்து சொந்தக்காரர் ஒருவர் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்பது சாத்தான்குளத்தில் அவர்கள் குடும்ப வழக்கம். தோஹா தொழில்பேட்டை கேம்பின் கிச்சனில் பாய்மேல் செத்துக் கிடந்த அண்ணன் ஞானசிகாமணிக்கு அவனை விட்டால் வேறு சொந்தம் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று.

எரேமியாவின் கதை. நகரத்தை முற்றுகையிட்ட சேனை விலகிப்போகிறது. ஊர் மூச்சு விடுகிறது. தீர்க்கதரிசி தன் பங்கு நிலத்துக்காகக் கிளம்புகிறார். வாசலில் காவல்காரன் மறிக்கிறான், எதிரியிடம் ஓடுகிறாய் என்று.

தனசிங் அந்த வரியில் விரலை வைத்து வாசிப்பை நிறுத்தினான்.

பத்து நாளைக்கு முன்பு, ஸ்ட்ரைக்கின் மூன்றாம் வாரம், கேம்பைச் சுற்றி நின்ற கம்பெனி வண்டிகள் திடீரென்று கிளம்பிப் போயின. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் குதித்தார்கள். அண்ணன் மட்டும், "திரும்பி வருவாம்லே. பேசி முடிச்சிட்டு ஊரு போய்ச் சேருங்க" என்றான். யாருக்குத்தான் எரியாது? மத்தியானம் அவன் பையோடு வந்தபோது யாரும் கம்பெனிப் பக்கம் போய்விடாமல் கேட்டில் காவல் நின்றது தனசிங்.

"எங்கண்ணே?"

"இந்தியன் எம்பசிக்கு. நெலத்துப் பங்குக்கு பவர் பத்திரத்துல கையெழுத்து போடணும். சாயங்காலம் வந்துருவேன்."

"கம்பெனிக்காரன்ட்ட போறான், விடாத!" பின்னாலிருந்து ரூம்காரன் வீரபாண்டி கத்தினான்.

"பொய்லே" என்றான் அண்ணன், தம்பியை மட்டும் பார்த்து.

நாலு பேர் பார்க்கிறார்களே என்று தனசிங் பையைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தன் கட்டிலடியில் எறிந்தான். ஒரு தடவை ஜிப்பை இழுத்துப் பார்த்திருக்கலாம். மறுநாளே வண்டிகள் திரும்பி வந்தன. ரூமில் யாரும் சேர்க்காததால் அண்ணன் கிச்சனிலேயே படுத்தான். இன்று காலை டீ போடப் போனவன்தான் பார்த்துக் கத்தினான்.

"பெறகு அவர விட்டாய்ங்களா?" என்று வாசிப்பைக் கேட்டு நின்ற வீரபாண்டி கேட்டான். அவனுக்கு எரேமியாவின் கதை தெரியாது.

"இல்ல. அடிச்சு அடைச்சிட்டாங்க."

தனசிங் எழுந்துபோய்ப் பையை எடுத்துவந்து திறந்தான். மாற்றுச் சட்டைகூட இல்லை. பத்திரமும், அதன்மேல் அண்ணன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. வரும்போது வாங்க வேண்டியவை: வீரபாண்டிக்கு முட்டுவலித் தைலம், தம்பிக்குச் செருப்பு, ஒன்பதாம் நம்பர்.

வீரபாண்டி சீட்டை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் அண்ணனை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தனசிங் முன்னால் ஓடினான். வார் அறுந்த செருப்பு பாதியில் கழன்று விழுந்தது. வெறுங்காலோடு போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து பிடித்துக்கொண்டான். வண்டி போய் வெகுநேரமாகியும் மூடவில்லை.