கடை வாசலில் ஊற்றிய தண்ணீர்

எண்பத்தேழாம் ஆண்டு ஜனவரி மாதம். லண்டன் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தது. ஈஸ்ட் ஹாமில் தங்கள் சேலைக் கடையைத் திறக்க வந்த செல்வமலர், வாசலில் கால் வைத்ததும் வழுக்கி ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள். கூரை உள்ள வாசல் அது, பனி விழாத இடம். ஆனால் தரை முழுக்கக் கண்ணாடிபோல உறைந்திருந்தது.

அந்த வாசலில் படுக்கும் டென்னிஸ் பக்கத்துச் சுவரோடு குந்தியிருந்தார். கட்டட வேலையில் முதுகு போய், பிறகு வீடும் போனவர். அவளைக் கண்டால் அட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு காலை வணக்கம் சொல்லிப் போவார். இன்று எழும்பவில்லை. மடியில் கிடந்த போர்வை பலகைபோல விறைத்திருந்தது.

என்ன நடந்ததென்று கேட்டாள்.

"உங்கள் கணவர் நேற்று வாளியோடு வந்தார். நான் படுத்த பிறகு," என்றார். குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை.

செல்வமலர் குனிந்து போர்வையைத் தொட்டாள். நேற்றுக் கடை பூட்டும்போது, "நீ முன்னுக்குப் போ, நான் பிறகு வாறன்," என்று குலசேகரம் சொன்னது இதற்குத்தானா? டென்னிஸைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தினாள். தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பையைப் பிடிக்க அவருக்கு விரல் மடங்கவில்லை.

பொங்கலுக்குச் சேலை எடுக்க வந்த டாக்டர் சுலோச்சனா சேலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றினாள்.

"விரல் கறுத்துப் போயிருக்குங்க. தேய்க்காதீங்க. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க."

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் குலசேகரம் வந்து சேர்ந்தான்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"நான் அடிச்சனானோ? தண்ணிதானே ஊத்தினனான். வாசல் நாறுது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகுது."

"இந்தக் குளிருக்கை ஒரு மனுசனை நனைக்கிறது அடிக்கிறதிலும் கேவலம். நாங்கள் வந்த புதிசிலை எங்கை படுத்தனாங்கள்? சேர்ச் ஹோலிலை எல்லோ?"

"அது வேறை. நாங்கள் குடிச்சுப்போட்டுக் கிடக்கேல்லை."

"குடிச்சவனுக்குக் குளிராதோ?"

அன்று பின்னேரமே செல்வமலர் துணிக்கட்டுகளை ஒதுக்கிக் கடையின் பின்னறையைத் திறந்துவிட்டாள். டென்னிஸின் வீடில்லாத கூட்டாளிகள் இருவர் வந்து படுத்தார்கள். பனி விடும்வரை கடைப் பூட்டின் திறப்பை அவள் கணவன் கையில் கொடுக்கவில்லை. டென்னிஸுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

கதை லண்டன் தமிழருக்குள் வேறு விதமாகப் பரவியிருந்தது. பொங்கலன்று ஆர்ச்வே முருகன் கோவிலில், தமிழ்ச் சங்கத் தலைவர் பரமேஸ்வரன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"வீடில்லாத சனத்துக்குக் கடையையே திறந்து விட்டிருக்கிறார் எங்கடை குலசேகரம் அண்ணை. பெரிய மனசு!"

குலசேகரம் கூச்சத்தோடு கைகூப்பினான். அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்ததும் செல்வமலருக்குப் பொறுக்கவில்லை.

"படுத்திருந்த மனுசனுக்கு மேலை வாளியாலை தண்ணி ஊத்தினதும் இவர்தான். அதையும் சொல்லுங்கோ," என்றாள்.

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்த்தார்கள்.

காரில் ஏறியதும் குலசேகரம் வெடித்தான். "இத்தினை சனத்துக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்திப்போட்டாய்!"

"ஓம். அந்த மனுசன் ரோட்டிலை நனைஞ்சு கிடக்கேக்கை எத்தினை சனம் பாத்துக்கொண்டு போயிருக்கும்? அவருக்கு மானம் இல்லையோ? இப்ப ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. நீங்களும் உள்ளுக்கு வாறியள்."

கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. குலசேகரம் ஸ்டியரிங்கை விடாமல் இருந்தான். செல்வமலர் இறங்கிச் சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி, குளிர் உள்ளே போகட்டும் என்று நின்றாள்.