ஓர் அறை, ஒரு நபர்

மேஜை மேலிருந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்குவதற்குள் அவள் அதைக் கையில் எடுத்துவிட்டாள். ஆறு மாதப் பழக்கம். குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குளிக்கிறவளாக அவள் மாறியிருந்தாள். வீடு விற்க நினைப்பவர்கள் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புவார்கள். கட்டணம் கட்டியிருக்கும் தரகர்களுக்கு அந்த இணையதளத்தை நடத்தும் கம்பெனி அதை அனுப்பிவைக்கும். ஒருவருக்கு அல்ல, ஒரே நொடியில் மூன்று பேருக்கு. முதலில் அழைப்பவருக்கு அந்தப் பார்ட்டி. மற்ற இருவருக்கும் வெறும் வாய்.

"இன்னைக்கு மத்தியானத்தோட சந்தா முடியுது அண்ணி," என்றாள் எதிர் மேஜையிலிருந்து நாத்தனார். "அந்தக் கம்பெனிப் பொண்ணு காலையிலேருந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டா. இன்னும் ஆறு மாசத்துக்குக் கட்டறதா, விடறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

இருவரும் சேர்ந்துதான் இந்த அலுவலகத்தை நடத்துகிறார்கள். இரண்டு மேஜை, ஒரு நகல் இயந்திரம், சுவரில் ஆணி ஆணியாய்த் தொங்கும் அடுத்தவர் வீட்டுச் சாவிகள். நாத்தனாரின் வழி வேறு. சாமான் ஏற்றும் லாரிக்காரர், லிப்ட் பழுது பார்ப்பவர், பள்ளி வேன் ஓட்டுநர் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். 'வீட்ட விக்கறவன் முதல்ல சொல்றது நம்மகிட்ட இல்ல அண்ணி, லாரிக்காரன்கிட்ட' என்பது அவள் வேதம். காசு கொடுத்து விற்பவர்களின் பெயர்களை வாங்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது அண்ணிதான். அதனால்தான் ஒவ்வோர் அதிர்வுக்கும் அவள் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டது. இந்தப் பெயர்களில் ஒன்றாவது தேறாவிட்டால், தோற்றது கம்பெனியாக இருக்காது, அவளாகத்தான் இருக்கும்.

"நாப்பத்தோரு பேரு வந்தாங்க," நாத்தனார் விடவில்லை. "ஒருத்தன் பக்கத்து வீட்டு விலை தெரிஞ்சுக்கணும்னான். ஒருத்தி காலேஜ் புராஜெக்ட்னா. ஒருத்தரு தன் வீடுன்னு சொன்னது மாமனாரு வீடு. நல்லவேளை, மாமனாரு அப்ப பக்கத்துலயே நின்னாரு."

"நாப்பத்திரெண்டாவது வந்திருக்கு. சும்மா இரு."

தனி வீடு, மூன்று படுக்கையறை, பழைய நீர்த்தொட்டிக்குப் பின்னால் உள்ள தெரு. அந்தத் தெருவில் இரண்டு வருடமாக ஒரு வீடும் விலைக்கு வரவில்லை. முதலில் அழை, பிறகு படி என்பதுதான் கம்பெனி சொல்லிக்கொடுத்த பாடம். மேலே இருந்த மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டு அவள் எண்ணை அழுத்தினாள்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் குழாய் கொட்டும் சத்தம்.

"வணக்கம் மேடம். வீடு விக்கறதப் பத்தி விசாரிச்சிருந்தீங்க. அது விஷயமாத்தான் பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

"விக்கறதா? ராங் நம்பர்ங்க."

இதுவும் பழகியதுதான். பாதிப் பேர் முதலில் இல்லையென்று சொல்லித்தான் பார்ப்பார்கள். சிரிப்பைக் குரலில் கலந்து அவள் கதவிலக்கத்தைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், படிவத்திலிருந்த ஆணின் பெயரையும் சொன்னாள்.

குழாய் நின்றது.

"அது எங்க வீட்டுக்காரர்," என்றது குரல். "அவரு ஆபீஸ் வேலையா கேம்ப் போயிருக்காரு. திங்கக்கிழமை போனாரு. நீங்க யாரு?"

அப்போதுதான் அவள் கண் படிவத்தின் அடிவரிக்கு இறங்கியது. அடுத்துத் தேவைப்படுவது: வாடகைக்கு. ஓர் அறை, ஒரு நபர்.

காது மடல் சுட்டது. நாற்பத்தோரு பேரிடமும் சரளமாக ஓடிய வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. எதற்குப் பேச்சை நிறுத்தினாள் என்று நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். 'தப்பா வந்திருக்கும் மேடம், மன்னிச்சுக்குங்க' என்று வைத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் வைத்த அடுத்த நொடி அங்கே மணி அடிக்கும். மூன்று பேரில் இரண்டாமவர் யாரென்று அவளுக்குத் தெரியும். மைக்செட் என்று இவர்கள் பெயர் வைத்திருந்த தரகர். தொலைபேசியில் பேசத் தொலைபேசியே தேவைப்படாத குரல். படிவத்தை ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் மேலிருந்து கீழாக வாசிப்பார், அந்தக் கடைசி வரி உட்பட.

இந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. பார்ட்டியை ஏழு நிமிடம் பேச்சில் பிடித்துவைத்தால் போதும். மற்றவர்களுக்கு லைன் கிடைக்காது, சலித்துப்போய் அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது.

"லைன்ல இருங்க," என்றாள். "வச்சிராதீங்க."

"நான் ஏன் வைக்கப் போறேன்? நீங்கதான் சொல்லணும். என் நம்பர் உங்களுக்கு எப்படி வந்தது?"

"ஃபாரத்துல இதுதாங்க இருக்கு."

அந்தக் குரல் தனக்குத்தானே கணக்குச் சொல்லிப் பார்ப்பதுபோல மெல்லச் சொன்னது: "லேப்டாப்ப அவருதான் எடுத்துட்டுப் போயிருக்காரு. கரண்ட் பில்லு, கேஸ் பில்லு எல்லாம் அதுல நான்தான் கட்டுவேன். எந்த ஃபாரத்தத் திறந்தாலும் என் நம்பர்தான் தானா வந்து உக்காரும்." நிறுத்தினாள். "பாத்திருக்க மாட்டாரு. எப்பவும் அப்படித்தான். கையெழுத்துப் போடச் சொன்னாக்கூட எங்கன்னு நான்தான் வெரல் வச்சுக் காட்டணும்."

சொன்னதில் பரிவுதான் இருந்தது. அதுதான் அண்ணியைக் கலங்கடித்தது. தன் வீட்டுக் கணினியில் யாருடைய எண் தானாக வந்து உட்காரும் என்று யோசித்தாள். தன்னுடையதுதான். அவளுடைய கணவனும் படிவங்களைப் பார்க்கிறவன் அல்ல.

பேச்சின் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டிக்'.

"நடுவுல வேற யாரோ கூப்பிடறாங்க. தெரியாத நம்பர்."

"எடுக்காதீங்க."

அவளையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. நாத்தனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தாளில் எதையோ கிறுக்கித் தூக்கிக் காட்டினாள்: 'சொந்த வீடா? யார் பேர்ல?' அவள் கேட்க வேண்டிய கேள்விதான். நல்ல தரகர் இந்நேரம் கேட்டிருப்பார். பத்திரத்தில் இந்தப் பெண்ணின் பெயரும் இருக்குமானால், இவள் கையெழுத்தில்லாமல் ஓர் ஓடுகூட நகராது. இந்தக் காலை நேரத்தில் இவளிடம் கனிவாகப் பேசியவளைத்தான் இவள் கடைசிவரை நம்புவாள். அந்தத் தெருவின் ஒரே வீடு. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். இவ்வளவும் மனசுக்குள் ஓடிய வேகத்தைக் கண்டு அவளுக்கே கூசியது. லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது மைக்செட்டின் வாயிலிருந்து இந்தப் பெண்ணைக் காப்பாற்றவா, மைக்செட்டிடமிருந்து வீட்டைக் காப்பாற்றவா? ஊசி ஒன்றுதான், நூல் எதுவென்று அவளால் சொல்ல முடியவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க, எதுக்கு எடுக்கக் கூடாது?"

"அவங்களும் என்னை மாதிரித்தான். இதே ஃபாரம் அவங்ககிட்டயும் இருக்கு."

"எத்தன பேருகிட்ட?"

"மூணு பேரு."

"மூணு பேரு," என்றது குரல். "எனக்கு முன்னாடி." பிறகு, "விக்கறதுக்குக் காரணம் கேப்பீங்களே, அது போட்டிருக்கா?"

"இடமாற்றம்னு இருக்கு."

"அவருக்கு டிரான்ஸ்பர் இல்லாத வேலை." சின்னதாக ஒரு சிரிப்பு. "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் காலியா இருக்கு."

பொய் வெகு இயல்பாக வந்தது. 'மழைக்கு ஒழுகாதுங்க' என்று சொல்கிற அதே குரலில். மறுமுனை அதை அப்படியே வாங்கிக்கொண்டதும் தெரிந்தது. ஒரு பெருமூச்சு கேட்டது. "கடன் கிடன் ஏதாவது இருக்கும். சொல்லப் பயந்துட்டிருப்பாரு. வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே நகையக் கழட்டிக் குடுத்திருப்பேன். மனுஷன்..."

டிக். டிக்.

நாலரை நிமிடம். அவள் பொய்க்கு இந்த லைன் இருக்கும்வரைதான் ஆயுள். அதற்குப் பிறகு மைக்செட், அல்லது மூன்றாவது ஆள், யாரோ ஒருவர் 'ஒரு ஆளுக்கு ரூம் வேற பாக்கச் சொல்லியிருக்கீங்களே மேடம்' என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த நேரத்தில் இந்தப் பெண் எங்கே நின்றுகொண்டிருப்பாள்? கையில் நகையோடு நின்றாலும் நிற்பாள்.

"இருங்க," என்றாள். "நான் ஒண்ணு விட்டுட்டேன். கீழ ஒரு வரி இருக்கு."

"படிங்க."

"வாடகைக்கு வேணும்னு. ஓர் அறை." நிறுத்தினாள். நிறுத்தினால் இன்னும் மோசம் என்று தெரிந்தது. "ஒரு நபர்."

பின்னால் நாத்தனாரின் கைப்பேசி அடித்தது. கம்பெனிப் பெண்ணாக இருக்கும். "அப்பறம் கூப்பிடும்மா," என்று அவள் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

மறுமுனையில் அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. வசவாவது வரும், தன் மேலேயே வரட்டும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

"எனக்கு எங்கன்னு போட்டிருக்காருங்களா?"

"இல்லைங்க."

"அதுக்குக் கட்டம் இருந்திருக்காது," என்றாள் அந்தப் பெண்.

டிக் சத்தம் இரண்டு முறை வந்து ஓய்ந்தது. ஏழு நிமிடம் தாண்டியிருந்தது. இப்போது வைத்துவிடலாம், யாரும் இனி முந்த முடியாது. அவளுக்குக் காதிலிருந்து கைப்பேசியை எடுக்கத் தோன்றவில்லை. எதிர்முனையும் வைக்கவில்லை. செருப்பில்லாத காலடி தரையில் நடந்து போனது. ஒரு கதவு, கொஞ்சம் உப்பி இறுகிப்போன கதவு, தோளால் தள்ளித் திறக்கப்பட்டது.

"லைன்லயே இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவரு துணியெல்லாம் இந்த ரூம்லதான். கேம்புன்னா மூணு சட்டைதான் எடுத்துட்டுப் போவாரு. நான் இங்க வரதில்ல. வெளுத்து வந்தத வாசல்லயே குடுத்துருவேன், அவரே மாட்டிக்குவாரு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "திறக்கறேன். நீங்க வச்சிராதீங்க."

அலமாரியின் கீல் முனகியது. அடுத்தவர் வீட்டு அலமாரிகளை எத்தனையோ முறை திறந்து பார்த்தவள் என்பதால் அந்தச் சத்தங்கள் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். சட்டையோடு தொங்கும் ஹேங்கரைத் தள்ளினால் பொத்தென்று மந்தமாகக் கேட்கும். வெறும் ஹேங்கர் கம்பியில் உரசிக் கிணுகிணுக்கும். அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கம்பியின் ஒரு முனையிலிருந்து அந்தக் கை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கியது.