மலைமுழுங்கி வாய் திறந்தது

அன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காயவைத்து எடுத்த துணியைத் திரும்ப வாளிக்குள் போட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ‘மலைமுழுங்கி’ நான்காம் பாகம் அன்றுதான் வெளியாகியிருந்தது. படத்துக்கு எடிட்டர் அவள். பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தவன் அவள் கணவன்.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். மலைமுழுங்கி என்றால் அவனுக்கு உயிர். குகையை உடைத்து வெளியே வந்து ஊரையே மிதித்துப்போட்ட அந்த மிருகம் ஏன் இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறது என்று, கல்யாண மேடையில் பரிசு கொடுக்க வந்தவர்களுக்கே விளக்கியவன். மூன்றாம் பாகத்தின் முடிவில் அது கடலுக்குள் இறங்கி மறைந்தபோது துக்க வீட்டுக்காரன் மாதிரி சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். அடுத்த பாகத்துக்கு அவளை எடிட்டராகக் கூப்பிட்டதும் அவன் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் கதையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பு. அதனால் எடிட் ரூமில் நடந்த எதையும் அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பாகத்தில் மலைமுழுங்கி பேசும் என்பதையும் சொல்லவில்லை.

தியேட்டரில் அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் போட்டபோது விசில் கூரையைப் பிய்த்தது. கடல் பிளந்து முதுகு தெரிந்ததும் அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். பிறகு மலைமுழுங்கி தன் குட்டியைக் குனிந்து பார்த்து, கனத்த ஆண்குரலில், “அஞ்சாதே மகனே, அப்பா இருக்கிறேன்” என்றது.

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. “அடுத்து பாட்டு பாடுமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பாடியது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டான்.

அவள் எழுந்து வெளியே போனாள், தண்ணீர் குடித்தாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள். சிணுங்கும் பிள்ளைகள் இரண்டை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா பாதியிலேயே கிளம்பிப் போவதைப் பார்த்தாள்.

படம் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது அவன் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினான். சிக்னலில் அவளால் பொறுக்க முடியவில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லாத்தான்னா?”

“கட்டிங் எல்லாம் நல்லா இருந்துச்சு.”

“கட்டிங்கா? நான் என்ன சலூனா வச்சிருக்கேன்? ஓரமா நிறுத்து வண்டிய.”

பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அது பேசினதும், வேற யாரோ அதோட தோலை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி ஆயிடுச்சு. செத்துப்போயிருந்தாக்கூட அழுதுட்டுப் போயிருப்பேன். அழக்கூட முடியல. நீ அங்கதானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லலைன்னு உனக்குத் தெரியுமா? நானும் டைரக்டரும் தொண்டை வத்திப்போற வரைக்கும் சொன்னோம். செவிடன் காதுல ஊதின சங்கு! மழையில அது சும்மா நிக்கிற ஷாட் ஒண்ணு இருந்துச்சு. அதையும் தூக்கச் சொல்லிட்டாரு தயாரிப்பாளர். ‘மூச்சு விடறதைப் பார்க்கவா ஜனங்க வர்றாங்க’ன்னாரு.”

“சும்மா நிக்குதா?” அவன் குரல் மாறியது. “எப்படி?”

அவள் நடைபாதையில் ஏறி நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். தோள்கள் மெல்ல ஏறி, நெடுநேரம் அப்படியே நின்று, இறங்கின. மறுபடி ஏறின. போவோர் வருவோர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண் கொட்டாமல் நின்றான்.

“இதையா எடுத்துட்டாங்க?” என்றான் கடைசியில். “அந்தாளு நிஜமாவே மலைமுழுங்கி மகாதேவன்தான்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தயாரிப்பாளரிடமிருந்து போன் வந்தது.

“அம்மா, எங்க பார்த்தாலும் ஹவுஸ்ஃபுல்! அஞ்சாவது பாகத்துக்கும் நீதான்.”

“நான் வரல சார். வேற ஆளைப் பாத்துக்குங்க.”

போனை வைத்துவிட்டு, தட்டிக்கொடுப்பான் என்று அவனைப் பார்த்தாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“என்ன காரியம் பண்ணினே? நீயும் இல்லன்னா அது கெதி என்ன ஆகும்?”

“உன் பொண்டாட்டி கெதிய யோசிச்சியா? ஊரே சிரிக்குது. அதுல என் பேரும் சேர்ந்து ஓடுது!”

“சிரிக்கட்டும். உள்ள இருந்து சண்டை போட ஒரு ஆளாவது வேணாமா?”

அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். அவனுக்கு மனுஷியைவிட மிருகம் பெரிதாகப் போய்விட்டது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மழையில் நின்ற அந்தத் தோள்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாள் முழுக்க அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். அதற்கு மறுநாள் அவளே தயாரிப்பாளருக்குப் போன் போட்டாள்.

“சார், நான் வர்றேன். ஆனா ஷூட்டிங்குக்கு முன்னாடி எனக்குக் கதையக் காட்டணும். அது பேசக்கூடாது.”

“பேசலைன்னா குழந்தைங்க வருமா?”

“குழந்தைங்கதான் சார் முதல்ல வெளிய போனாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன்.”

அந்தப் பக்கம் செருமல் கேட்டது. “சரி, நேர்ல வா. பேசுவோம்.”

போனாள். டைரக்டர் மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளர் கதையை நீட்டினார். முதல் பக்கத்திலேயே மிருகத்துக்கு வசனம். அவள் பேனா இருக்கிறதா என்று கேட்டாள். டைரக்டர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் கோடு கிழித்தாள்.

“உக்காந்து பேசலாமேம்மா” என்றார் தயாரிப்பாளர்.

“இருக்கட்டும் சார்” என்று நின்றபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.