எந்தத் தார்?

விடிவதற்கு அரைமணி நேரம் இருக்கும்போதே கடப்பாரை விழத் தொடங்கிவிடும். பஸ்ஸும் டெம்போவும் ரோட்டை அடைப்பதற்குள் பள்ளம் தோண்டி, கேபிளைப் போட்டு, மூடிவிட வேண்டும். செம்பூர்ப் பக்கத்து அந்த நாற்சந்தியில் மண்ணே கிடையாது. மேலே தார், அதற்குக் கீழே பழைய தார், அதற்கும் கீழே கான்கிரீட். கடப்பாரையின் அதிர்ச்சி தோள்வரை ஏறும். மத்தியானம் வீட்டில் டீ கிளாஸைப் பிடிக்கும்போதும் கை நடுங்கும்.

தாராவியிலிருந்து போன ஆட்கள் நாங்கள் நால்வர். நான் தளவாய். பிறந்ததே இங்கேதான், இந்தி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கம்பத்தில் ஏறுகிறவன் இசக்கிதுரை. கல்லும் மண்ணும் சுமப்பது பார்வதியம்மாள். நாலாவது ஆள் சுடலைக்கண்ணன், நாங்குநேரிப் பக்கம் பன்னிரண்டு வருஷம் ரோடு போட்டவன், பம்பாய்க்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

பழைய சிக்னலைப் பிடுங்கிப் புதுசு நடுகிற வேலை. நடந்து போகிறவர்களுக்குத் தனி விளக்கு, நொடி எண்ணுகிற விளக்கு, கண் தெரியாதவர்களுக்குச் சத்தம். எல்லாம் சாலைப் பாதுகாப்புக்கென்று சர்க்கார் கொடுத்த நிதி. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலை முடியாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடுமாம். கரண்டை நிறுத்த அனுமதி கேட்டால் இரண்டு நாள் வீணாகும் என்று லைனை நிறுத்தாமலே எங்களை இறக்கினார்கள். நிதி திரும்பிப் போகக் கூடாது, மனுஷன் திரும்பி வராவிட்டால் பாதகமில்லை. நல்ல பாதுகாப்பு!

அன்று பழைய கம்பத்தின் அடிக்கதவு திறந்து, ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, மூடிய பள்ளத்தின்மேல் சுடச்சுடத் தார் ஊற்றியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் சுடலை. ரோட்டின் அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் கத்தினான்.

"ஏ சுடலை, தார் கோ ஹாத் மத் லகா!"

இந்தியில் தார் என்றால் ஒயர். 'ஹாத் மத் லகா' என்றால் தொடாதே என்பதை மூன்று வாரத்தில் சுடலை கற்றிருந்தான். தார் என்றால் என்னவென்று அவனுக்கு யார் கற்றுக்கொடுக்க வேண்டும்? பன்னிரண்டு வருஷம் அதில் வெந்தவன். தாரைவிட்டுச் சட்டென்று பின்னால் நகர்ந்தான். கால் இடறியது. விழாமலிருக்கக் கம்பத்தைப் பிடித்தான். பிடித்த இடத்தில் ஒயர் இருந்தது.

மண்வெட்டியைத் திருப்பி, மரப்பிடியால் அடித்து அவன் கையைப் பிரித்தது பார்வதியம்மாள்தான். சூப்பர்வைசர் கத்தியபோது நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். "ஒயர்லே" என்று ஒரு சொல் போதும். வாய் நிறையப் பாக்கு. துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இதைச் சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி மாரீஸ்வரி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுடலை என்னைப் பார்த்ததும் கேட்டான்.

"தளவாயண்ணே, நான் தாரைத் தொடவே இல்லியே. ஒரு சொட்டு மேல படல பாத்துக்கிடுங்க. பொறவு எப்படிண்ணே?"

நான் விளக்கிச் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் மாரீஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாட்டுங்காவில் இருந்த கான்ட்ராக்டர் ஆபீசுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வெங்கடராமன் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளிக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, அவர் அலட்சியமாக இருந்தார் என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் சுடலைக்கு நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை.

"இதோ பாரு தளவாய், நான் பொய் எழுதச் சொல்லலை. சூப்பர்வைசர் வார்ன் பண்ணினது உண்மையா, இல்லையா?"

"உண்மைதான் சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"எந்தத் தார்னு இதுல எழுதியிருக்கா சார்? லைன் ஓடிட்டிருந்ததுன்னு எழுதியிருக்கா?"

"அதெல்லாம் இதுல வராது."

"அப்போ என் கையெழுத்தும் இதுல வராது சார்."

பார்வதியம்மாள் ரேகை வைக்கிற பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "நொங்கு தின்னவன் ஓடிட்டான், நோண்டித் தின்னவன் ஆம்புட்டுக்கிட்டாங்கற கதையால்லா இருக்கு," என்றாள். இசக்கிதுரை பேனாவை எடுத்தான். வாடகை கேட்டு வீட்டுக்காரன் நெருக்குகிறான், மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பிறகு மூடி போட்டு மேஜைமேல் வைத்தான்.

கையெழுத்துப் போடாதவர்கள் நாளை முதல் வர வேண்டாம் என்றார் வெங்கடராமன். குரலை உயர்த்தக்கூட இல்லை.

வெளியே வந்தபோது எங்களுக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. போன கை முளைக்கப் போவதில்லை. யூனியன் கிடையாது, வக்கீல் கிடையாது. ஆனாலும் மறுநாள் விடியுமுன் மூவரும் அதே நாற்சந்திக்குப் போனோம். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டெம்போவில் ஏழு புது ஆட்கள் வந்திறங்கினார்கள். பீகார்க்காரர்கள். கம்பத்தில் அதே ஒயர் தொங்கியது. நான் இந்தியில் நடந்ததைச் சொன்னேன். பார்வதியம்மாள் பொறுமை இல்லாமல், கூடை எடுத்து வந்த அஃப்ஷா என்ற பெண்ணின் முன்னால் போய் ஒயரைக் காட்டினாள். "தார். தொட்டுராத தாயி," என்று சொல்லி, தன் வலது மணிக்கட்டை இடது கையால் வெட்டுவதுபோல் காட்டினாள். அஃப்ஷா மணிக்கட்டையே பார்த்தாள். பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பி, லைன் நின்றிருக்கிறதா என்று கேட்டாள். அவன் மார்ச் முப்பத்தொன்று என்றான். அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவளையும் சேர்த்து ஏழில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு யோசித்தார்கள். சூப்பர்வைசர் போனை எடுத்து, காட்கோபரிலிருந்து வேறு ஆள் அனுப்பச் சொன்னான். போலீஸைக் கூப்பிடுவேன் என்று எங்களையும் மிரட்டினான். செய்வான், செய்யக்கூடியவன்தான்.

"வரட்டும்வே. வாறவங்ககிட்டயும் சொல்லுவோம்," என்றான் இசக்கிதுரை. மடியிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

வேண்டாம் என்றேன். காட்கோபர் டெம்போ திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.